பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு மைல்

சுந்தரமகாலிங்கம் தன் கட்டிலை மேற்குச் சுவரோரம் இழுத்துப் போட்ட அன்றைக்கு அந்த அறை பத்துக்குப் பன்னிரண்டாகத்தான் இருந்தது, மறுநாள் விடிந்து பார்த்தபோது பத்துக்குப் பதினான்காக இருந்தது, அதற்கடுத்த நாள் பதினேழு. லிங்கம் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. விசைத்தறி முன்னால் பதினைந்து வருடம் நின்றவனுக்கு நீளம் என்பது தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகிற சமாச்சாரம்தான். எதிர்ச் சுவரோரம் கிடந்த கட்டிலில் பிச்சைக்கனி எழுந்து உட்கார்ந்து, நடுவில் விரிந்து கிடந்த சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டு, "தள்ளிப் போட்டது பத்தலையா மாப்ள?" என்று மட்டும் கேட்டான். லிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தறிக்குக் கிளம்பினான். அன்று ராத்திரிக்குள் தரை இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

ராஜபாளையத்துப் பக்கம், காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற ஊர் அது. எவனுக்கோ எங்கேயோ மண்டை உடைந்தால்தான் நம் வீட்டில் உலை கொதிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அங்கே கோமதிநாயகம் என்கிற தறி முதலாளியின் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில், அவரிடமே வேலை பார்த்துக்கொண்டு, லிங்கமும் கனியும் ஏழு வருடமாகக் குடியிருந்தார்கள். ஊருக்கு அவர்கள் அத்தை மகனும் மாமன் மகனும். இரண்டு இரும்புக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரே ஜமக்காளத்தை விரித்திருந்தார்கள். வடை வாங்கினாலும் பாதி, பீடி பற்ற வைத்தாலும் பாதி, காய்ச்சலுக்கு ஒருவன் கஞ்சி குடித்தால் மற்றவனும் அந்தக் கஞ்சியில் பாதி என்று அவர்கள் வாழ்ந்ததைத் தெரு பார்க்காமல் இல்லை. தெருவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை வாயில் போட்டு மெல்லும், துப்பாது, விழுங்கவும் செய்யாது.

ஆடிப் பொங்கலுக்கு இளைஞர் மன்றத்தார் வைத்த ரத்ததான முகாமில் லிங்கமும் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இருபது நாள் கழித்து, நேரில் வந்து போங்க என்று ஜில்லா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போனான். எச்.ஐ.வி. என்றார்கள். கனியைப் பார்ப்பதற்கு முன்னால் மும்பைப் பக்கம் பிவண்டியில் தறி ஓட்டிய மூன்று வருடத்தை ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான்; வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிறகு எந்த ஆற்றுத் தண்ணீர் என்று கேட்டு என்ன பிரயோஜனம். லிங்கம் சொன்னதைக் கேட்டுக் கனி தானாகவே வேறோர் ஊருக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு இல்லை. ஏழு வருடம் ஒரே ஜமக்காளத்தில் படுத்தும் அவனுக்கு இல்லை என்று கேட்டபோது லிங்கத்துக்குச் சாமி கும்பிடத் தோன்றியது, அடுத்த நிமிஷமே பயம் வந்தது. இவ்வளவு நாள் தப்பியவன் இனி என்னால் மாட்டிவிடக் கூடாது. அந்த ஒரே நினைப்புதான். அன்று சாயங்காலம்தான் கட்டிலை இழுத்தான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற மையத்தில் நூர்ஜகான் என்று ஓர் ஆலோசகர் இருந்தார், நாற்பது வயது, ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் ஒரே விஷயத்தை அறுபது மாதிரி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர். கல்யாணம் ஆயிருச்சா என்று கேட்டார். இல்லை என்றான். கூட இருக்கிறது யாரு என்றார். மச்சான் என்றான். அவர் மச்சான் என்று எழுதிக்கொண்டார். தினம் ஒரு மாத்திரை, ஒரே நேரத்துக்கு, ஒருநாளும் விடக்கூடாது, விடாமல் சாப்பிட்டால் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும், எல்லாரையும் மாதிரி வேலை பார்க்கலாம், சாப்பிடலாம் என்றார். அப்படி இறங்கி அப்படியே நின்றுவிட்டால் கூடப் படுக்கிறவருக்கும் பரவாது என்கிற மிச்சத்தை அவர் புருசன் பொண்டாட்டிகளிடம் சொல்வார். இவன் கட்டாத ஆள், மச்சானோடு இருக்கிற ஆள். அதனால் அந்த மிச்சம் அன்றைக்கு அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

வெளியே பெஞ்சில் மாத்திரைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு லாரி டிரைவரின் மனைவி தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவருக்கு இருக்கு, எனக்கு இல்ல, எனக்கு வராம இருக்கவும் ஒரு மாத்திரை இருக்காம்ல, மேடம் சொன்னாக என்று. லிங்கத்தின் காது அப்படியே அங்கே ஒட்டிக்கொண்டது. உள்ளே திரும்பிப் போய்க் கேட்கலாம். யாருக்கு என்பார். மச்சானுக்கு எதற்கய்யா அந்த மாத்திரை என்பார். பெஞ்சில் இருக்கிற இருபது பேரும் திரும்புவார்கள். லிங்கம் கேட்கவில்லை. கையில் இருந்த டப்பாவைப் பார்த்தான், முப்பது மாத்திரை; வந்த கிருமியை அடக்குகிறது வராமலும் தடுக்கும்தானே. வடையைப் பிட்ட கைதானே, மாத்திரையைப் பிட்க எவ்வளவு நேரம் ஆகும்.

ஆக, மறுநாள் காலை தொடங்கியது அந்தக் காரியம். பிளேடால் மாத்திரையை இரண்டாக்கி, ஒரு பாதியைத் தான் விழுங்கி, மறு பாதியைத் தம்ளர் அடியால் பொடித்து, கசப்பு தெரியாமல் இருக்கச் சுக்கும் கருப்பட்டியும் கூடப் போட்டுக் காபி வைத்துக் கனியிடம் கொடுப்பான். தொடாதவனுக்கு எதற்குக் காப்பு என்று யாராவது கேட்டிருந்தால் லிங்கத்திடம் பதில் இருந்திருக்கும்: என்றைக்காவது ஒருநாள் தொடுவேன், அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. கேட்கத்தான் ஆளில்லை. அடுப்பும் வாசற்கதவும் கனியின் பக்கம், கிழக்கே இருந்தன. அறை வளர வளர லிங்கம் நடக்க வேண்டிய தூரமும் வளர்ந்தது, எழுந்திருக்கிற நேரமும் முன்னுக்குப் போனது. முதலில் பத்து எட்டு, அப்புறம் நூறு எட்டு, அப்புறம் ஒரு பர்லாங். இருட்டோடு எழுந்து ஒரு பர்லாங் நடந்து வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுக்கிறவன் ஏன் என் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறான் என்று கனி நினைத்துக்கொள்வான். ஒருநாள் வாய்விட்டே கேட்டான். "உக்காரேன்டா. உக்காந்தா ஒட்டிக்கிடுமா?" லிங்கம் தம்ளர் காலியாகும்வரை நின்றான், கழுவி வைத்தான், திரும்பி நடந்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த அறை பழைய அறையேதான். பின்சுவரைத் தொட்டாற்போலக் கோமதிநாயகத்தின் மாட்டுத்தொழுவம், மாடு தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். முதலில் கண்டுபிடித்தது சண்முகத்தாய்தான், எதிர்வீட்டுக்காரி, தறிக்கு நூல்தார் சுற்றுகிறவள், நாலு பேர் பேச்சை ஒருத்தியே பேசுகிறவள். உப்பு கேட்டு வந்து எட்டிப் பார்த்தவள், "ஏய்யா, ரூம்பு எம்புட்டு நீளங் கெடக்கு! சும்மாவா போட்டு வச்சிருக்கீக?" என்றாள். ஏன் நீளம், எப்படி நீளம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த யாருமே கேட்கவில்லை. தலையாரி வந்து பார்த்துவிட்டு, பட்டாவில் இல்லாத இடத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வெளுத்த துணியைக் காயப்போட வெயில் இல்லை, ஈரத்தோடு மடித்தால் ஒரே நாளில் புள்ளி விழுந்துவிடும், புள்ளி விழுந்த துணியைக் காயத்தில் வைத்து எவன் கட்டுவான். கோமதிநாயகம் குடையோடு வந்து வாசலில் நின்றார். "லிங்கம், கனி, ரெண்டு பேரும் தப்பா நெனைக்கக் கூடாது. ஊர்ப் பொழப்பு." இரண்டு பேரும் தப்பாக நினைக்கவில்லை. நீளவாட்டில் கயிறு கட்டினார்கள், பாளம் பாளமாகத் துணி தொங்கியது, டியூப்லைட் போட்டார்கள், காற்றாடி வைத்தார்கள். மழை நின்றும் துணி நிற்கவில்லை. அப்புறம் தார் சுற்றுகிற பெண்கள் வந்து நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு டீ வேண்டுமென்று ஒருவன் பாய்லரோடு வந்தான். அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வந்தார். சண்முகத்தாய் வத்தல் காயப்போட்டாள், ஒருவர் ஓடாத ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார், ஒரு சீமந்தம் நடந்தது, ஒரு பஞ்சாயத்துக் கூடப் பேசி முடிக்கப்பட்டது. மாசிக்குள் அறை அரை மைல் நீளம் ஆகியிருந்தது. தெரு வந்து உட்கார்ந்துவிட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் ஒருவனும் இந்தப் பக்கம் ஒருவனுமாக இரண்டு கட்டில்கள் கிடந்தன.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஏழு வருடமாக அந்த இரண்டு பேரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போன தெரு, இப்போது முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தது. பலகாரம் வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது. சண்முகத்தாய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "நடுவுல இம்புட்டுத் தூரம் கெடக்கு. அப்புறம் அவுகளைப் பத்தி என்னத்தப் பேச?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். நல்ல தெரு. நல்ல ஜனம். ரெண்டு பேர் தள்ளிப் படுத்தால் போதும், அள்ளிக் கொடுக்கிற ஜனம்.

பங்குனியில் லிங்கத்துக்கு இருமல் வந்தது, சித்திரையில் காய்ச்சல், வைகாசியில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கனி கேட்டபோதெல்லாம் மாத்திரைச் சூடு, சரியாகிவிடும் என்றான், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போனான். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுறீங்களா என்று நூர்ஜகான் கேட்டார், ஆமா மேடம் என்றான். ஒருநாளாவது விட்டீங்களா, இல்லை மேடம். பொய்யும் இல்லை, ஒருநாளும் விடவில்லைதான். கிருமி எண்ணிக்கை பார்க்கிற ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். இறங்க வேண்டியது இறங்கவில்லை, ஏறியிருந்தது. "அடுத்த தடவை உங்க மச்சானையும் கூட்டிட்டு வாங்க," என்றார். லிங்கம் தலையை ஆட்டிவிட்டு வந்து நாலு மாதம் சொல்லாமல் கடத்தினான். அதற்குள் தூரம் ஒரு மைல் ஆகியிருந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து, துணி வரிசைகளுக்கு இடையில் கயிற்றைப் பிடித்து நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஏழு மணிக்கு அடுப்படிக்கு வந்து சேர்வான். ஆவணி மாதம் ஒருநாள் இடது கண்ணில் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி மாதிரி பறந்தது. புரட்டாசி பிறந்தபோது அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை, வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. தொங்குகிற வெள்ளைத் துணிக்குள் திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தவனை டீக்கடைக்காரன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கனியிடம் விட்டான்.

கனி அன்றைக்கே ஆட்டோ பிடித்தான். லிங்கம் தடுத்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் லிங்கத்தோடு கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தான். நூர்ஜகான் கதவைச் சாத்தினார். கனியைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

கனி நாற்காலியை லிங்கத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "எட்டு வருசமா ஒண்ணா இருக்கோம் மேடம். ஒரே ஒலையில பொங்கி, ஒரே பாயில படுத்து. அதுக்கு என்ன பேருன்னு நீங்களே எழுதிக்கிடுங்க."

அவர் எழுதவில்லை, பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் வாயில் நின்றுபோன மிச்சத்தை இப்போது இரண்டு பேரையும் பார்த்து முழுசாகச் சொன்னார். முழு மாத்திரை ஒழுங்காகப் போனால் இவர் உடம்பில் கிருமி இறங்கும், இறங்கி நின்றுவிட்டால் இவரிடமிருந்து உங்களுக்கு வராது, அதுவரைக்கும் உங்களுக்கென்று தனியாக ஒரு தடுப்பு மாத்திரை இருக்கிறது, கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், தொடலாம். "ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சுப் பேசணும்னுதான் இந்த நாற்காலி ரெண்டு போட்டிருக்கு," என்றார். "நான்தான் வீட்டம்மா வந்தாங்களா, வீட்டம்மா வந்தாங்களான்னே எல்லார்ட்டயும் கேட்டுட்டிருந்துட்டேன். உங்ககிட்ட வேற மாதிரி கேட்டிருக்கணும். என் தப்பு."

தொடலாம் என்கிற சொல்லைக் கேட்டதும் லிங்கத்துக்கு உள்ளே என்னவோ அறுந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பிளேடு, தம்ளர், சுக்கு, கருப்பட்டி, பாதி, பாதி.

"பாதி மாத்திரைன்னா பாதி வேலைகூடச் செய்யாதுங்க," என்றார் நூர்ஜகான் மெதுவாக. "கிருமி அதையே தின்னு பழகிரும். இனிமே இந்த மாத்திரை உங்களுக்குக் கேக்குமோ என்னமோ. அவருக்கும் அது காப்பு இல்ல."

கனி எழுந்து நின்றான். அவன் குரல் உயரவில்லை, அதுதான் லிங்கத்துக்குத் தாங்கவில்லை. "ஒரு வருசமா என் வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு வருசமா நீ செத்துக்கிட்டிருக்கேன்னும் எனக்குத் தெரியாது. அந்தக் காபிய நான் எவ்வளவு ஆசையாக் குடிச்சேன் தெரியுமா மாப்ள?" என்றான். வெளியே போய்விட்டான்.

கனியின் ரத்தத்தைப் பார்த்தார்கள், அவனுக்கு ஒன்றுமில்லை. லிங்கத்துக்கு வேறு மாத்திரைகள் எழுதினார்கள். கண்ணுக்கு மதுரையில் ஊசி போட்டார்கள், இடது கண் போனது போனதுதான், வலது கண்ணில் பனி மூடியதுபோல ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது, அதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். இவர் பக்கத்தில் ஓர் ஆள் எந்நேரமும் இருக்க வேண்டும், காலை எட்டு மணி மாத்திரை எட்டரை ஆகக்கூடாது, காய்ச்சல் ஏறினால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் ஆளே மிஞ்சமாட்டார் என்று நூர்ஜகான் கனியின் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினார். ஒரே ஆட்டோவில் திரும்பி வந்தார்கள், நடுவில் பையை வைத்துக்கொண்டு. அப்படி வந்த அன்றைக்கே அறை ஐந்து கஜம் சுருங்கியது. நாலு கயிறு தொய்ந்து துணி தரையைக் கூட்டியது.

தெரு கூடிப் பேசியது. ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது, கோமதிநாயகம் வீட்டுக் கல்யாணத்தை வேறு அங்கேதான் வைத்திருந்தார்கள், நட்டநடுவில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேராகக் கனியின் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். கனி அவர்கள் கேட்பதற்கு முன்னால் தானே கேட்டான்: கட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோகிறேன், அவனுக்கு ஆள் வேண்டும்.

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் கோமதிநாயகம். "முகூர்த்தம் முடியட்டும். மூணு நாள். பொண்ணு கல்யாணம்யா. அதுவரைக்கும் அவன் அங்க இருக்கட்டும், நீ இங்க இரு. இத்தனை மாசம் இருந்தீகல்ல?"

"காலைல போய் மாத்திரையக் குடுத்துட்டு வா, யாரு வேணாங்கா?" என்றாள் சண்முகத்தாய்.

கனிக்கு அப்போதும் கோபம் ஆறியிருக்கவில்லை. லிங்கத்தின் மேல் இருந்த கோபம், மூன்று நாள்தானே என்று அவனையே சொல்ல வைத்தது. சரி என்றான். அதை நினைத்துப் பின்னால் அவன் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டான்.

முதல் நாள் ஏழு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தான், மாத்திரையைக் கொடுத்தான், பேசாமல் திரும்பினான். இரண்டாம் நாள் பந்தலுக்குக் கீற்று வந்து இறங்கியிருந்தது, பந்தியிலைக் கட்டும் பாத்திரமும் வழியை அடைத்துக் கிடந்தன, இங்கே மிதிக்காதே கோலம், அங்கே போகாதே மணவறை என்று சுற்றி அனுப்பினார்கள், ஒலிபெருக்கியில் நாதஸ்வர ரிக்கார்டு காதைப் பிளந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

லிங்கம் கட்டிலில் இல்லை. தரையில் குப்புறக் கிடந்து, கொட்டிப்போன மாத்திரைகளை உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் அடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. மூன்று மணி நேரமாக அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இருபது கஜத்தில் உட்கார்ந்து நாலு பேர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "கூப்பிட்டான்தான்," என்றான் அதில் ஒருவன், கையில் மாவிலையோடு. "உன்னையத்தான் கூப்பிடுறான்னு விட்டுட்டோம்."

கனி கீழே குனிந்தான். லிங்கத்தைத் தூக்கிக் கட்டிலில் போட்டான், மாத்திரையைக் கொடுத்தான், பக்கத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியிலிருந்து ஒரு முழம் கிழித்து நெற்றியில் கட்டினான். அந்த அறையில் அத்தனை மாதமாகத் தொங்கிய அத்தனை ஆயிரம் கஜத்தில் அங்கேயே ஒரு காயத்துக்கு ஆனது அந்த ஒரு முழம்தான். அப்புறம் எழுந்து கிழக்கே நடந்தான். ஒரு மைல் நடந்து தன் கட்டிலுக்கு வந்து, ஜமக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இரும்புக் கட்டிலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்க, மேற்கே திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

அவன் ஒரு எட்டு வைக்க, பின்னால் அறை ஒரு எட்டு மடிந்தது. வாசற்கதவும் அடுப்பும் கிழக்குச் சுவரும் அவன் பின்னாலேயே வந்தன. முதல் கயிறு அறுந்தது, இரண்டாவது கயிறு அறுந்தது, வெள்ளைத் துணி குவியல் குவியலாகச் சரிந்தது, தார் சுற்றுகிற பெண்கள் ராட்டைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார்கள், டீக்கடைக்காரன் கொதிக்கிற பாய்லரோடு ஓடினான், ஓடாத ஆட்டோவை நாலு பேர் தள்ளினார்கள், பிள்ளையாரை ஒருவர் இடுப்பில் வைத்துக்கொண்டார். ஏய் நில்லு, பாவி நில்லுடா, மூணு நாள் பொறுக்க முடியாதா உனக்கு என்று முன்னாலும் பின்னாலும் கத்தினார்கள். கோமதிநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். கனி அவரைப் பார்த்தான், கல்யாணப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவன்தான் அவனும், கண்ணில் நீர் வந்தது, ஆனால் கால் நிற்கவில்லை. பந்தற்கால் பெயர்ந்தது. மணவறை பிரிந்தது. ஜனமும் சாமானும் கதவு வழியாக மழைக்குள் பிதுங்கி விழுந்தன. கடைசியாக வெளியே போன சண்முகத்தாய் வத்தல் முறத்தை மாரோடு அணைத்துக்கொண்டு, வாசலில் திரும்பி நின்று, "கண்ணு கெட்டப்பெறகு சூரிய நமஸ்காரம்! போங்கடா!" என்று காறித் துப்பினாள். விழுங்காமலும் துப்பாமலும் வைத்திருந்ததைத் தெரு அன்றைக்குத்தான் துப்பியது.

லிங்கத்துக்கு இது எதுவும் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் பெருகிப் பெருகிக் கிட்டே வந்தது. அப்புறம் தன் கட்டிலை இன்னொரு கட்டில் வந்து இடித்த சத்தம் கேட்டது. ஜமக்காளத்தை உதறுகிற சத்தம். எடை வந்து உட்கார்கிற சத்தம். அறை பத்துக்குப் பன்னிரண்டாக இருந்தது.

"மாப்ள," என்றான் லிங்கம்.

"பேசாத. எனக்கு உன்மேல இருக்கிற கோவம் இன்னும் போகல."

கோமதிநாயகம் உள்ளே வரவில்லை. ஈரத்துணியை அள்ளுகிறவர்களுக்கு நடுவில் வாசலில் நின்று, நாளை விடிவதற்குள் இரண்டு பேரும் காலி செய்துவிட வேண்டும், தறிக்கும் வரவேண்டியதில்லை என்று சொன்னார். அவர் குரல் உடைந்திருந்தது. சரி முதலாளி என்றான் கனி. முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது, போன் செய்திருந்தான், வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த முக்கால் மணி நேரமும் அவன் அந்தக் கட்டிலிலேயே, லிங்கத்தின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லிங்கத்தின் கை பயந்து பயந்து மேலே எழுந்தது. பதினாலு மாதம் தொடாத கை. கழுத்தைத் தொட்டது, தாடையைத் தொட்டது, முகம் எங்கே என்று தேடிப் பிடித்தது, மீசைக்குப் போய் நின்றது. கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தான், பனிக்குள் ஓர் உருவம் இருந்தது, அவ்வளவுதான். கட்டிலை இழுத்த நாளிலிருந்து கண் கெடும்வரைக்கும், காபித் தம்ளரை நீட்டும்போதுகூட, கனியின் முகத்தை அவன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மீசை நரைச்சிருக்கா மாப்ள?" என்று கேட்டான்.

"நரைச்சிருச்சு," என்றான் கனி.

"எப்ப?"

"போன வருசமே. நீ நெதமும் எதுக்க நின்னப்பதான்."

லிங்கத்தின் விரல்கள் அந்த மீசையைத் திரும்பத் திரும்பத் தடவின. கறுப்பு முடியும் வெள்ளை முடியும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.